ஏழரை நிமிடம்

"அஞ்சே முக்கால்... ஆறு..." என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வாளிக்குள் குனிந்திருக்கிறார் ஊசியக்கா. வாளியில் இருப்பது ஆவி பறக்கும் தேயிலைச் சாறு. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதற்குள் மூழ்கிக் கிடக்கிறது ஒரு வலைத்துணி, கொசுவலையைவிடப் பத்து மடங்கு மெல்லியது. மரக்கரண்டியால் அதை ஒரு புரட்டுப் புரட்டுகிறார். நுனியை மட்டும் இடுக்கியால் தூக்கிப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்க்கிறார். வாயின் இடது ஓரத்தில் நான்கு குண்டூசிகள். அந்த நான்கும் அசையாமல் அவரால் பேச முடியும், திட்ட முடியும், சிரிக்கக்கூட முடியும். தும்ம மட்டும் முடியாது.

பாட்டு வீடியோக்களில் ஆடுகிற பெண்களுக்கு உடை பார்ப்பது அவர் தொழில். தைப்பவர்கள் வேறு. தைத்து வந்ததை உடம்பில் நிற்க வைப்பவர் இவர். குனிந்தால் பிரியக் கூடாது, குதித்தால் நழுவக் கூடாது, சுழன்றால் பறக்க வேண்டியது மட்டும் பறக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறார். இடுப்பில் ஆறு பைகள் வைத்த ஒரு ஏப்ரன். அதில் இருபக்கமும் ஒட்டும் டேப், நூல்கண்டுகள், ஒரு சின்ன டார்ச், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. மற்றவர்கள் கைக்கடிகாரம் கட்டும் இடத்தில் அவருக்கு ஊசிமெத்தை. காலையில் அறுபது குண்டூசிகளை எண்ணிக் குத்துவார். வேலை முடிந்ததும் அறுபதையும் எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் தானும் வீட்டுக்குப் போகமாட்டார், மற்றவர்களையும் விடமாட்டார். ஒருமுறை முழுக் குழுவையும் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்துத் தரையைத் துழாவ வைத்தார்.

"ஊசி காணோம்னா அது தரையில இல்லப்பா, எங்கயோ ஒரு பொண்ணு உடம்புல இருக்குன்னு அர்த்தம். தேடு."

தேநீர் குடிக்கவே மாட்டார். யாராவது நீட்டினால் கோப்பையை ஓரக்கண்ணால் பார்த்து, "இது ஒரு மூணு நிமிஷம் இருக்கும்" என்பார். ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால், "தொழிலை யாராவது குடிப்பாங்களா?" என்பார்.

இந்தத் தேயிலை வேலை அவராகக் கண்டுபிடித்தது. முன்பெல்லாம் முதுகோ வயிறோ திறந்தபடி இருக்கும் உடைகளில், உள்ளே வைத்துத் தைக்க 'தோல் நிறம்' என்று ஒரு துணி கடையிலிருந்து வரும். வெளிறிய ரோஜா நிறம். வருகிற பெண்களில் பாதிப் பேர் நல்ல கறுப்பு. மீதிப் பேர் மாநிறம். அவர்கள் உடம்பில் அந்தத் துணி புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கேற்ப அவர்களுக்கு மேலே மாவு பூசி வெளுப்பாக்குவார்கள். "தோல் நிறம்னா யாரு தோலு?" என்று ஊசியக்கா ஒருநாள் அந்தத் துணியைத் தூக்கிக் கடாசினார். வெள்ளை வலைத்துணியை வாங்கினார். சமையலறையில் வாளி வைத்தார். முப்பது நாள் துண்டு துண்டாக முக்கி எடுத்து, கொடியில் காயப்போட்டு, எந்த நிறத்துக்கு எத்தனை நிமிடம் என்று கண்டுபிடித்துவிட்டார். கொடியில் தொங்கிய துண்டுகளைப் பார்த்து அவருடைய கணவர், "வீட்டுல டீயை வடிகட்டறாங்களா, இல்ல ஊரையே வடிகட்டறாங்களா?" என்று கேட்டார்.

அதன்பிறகு புதிதாக ஒரு பெண் வந்தால், முகத்தில் எதுவும் பூசுவதற்கு முன் அவளை ஜன்னல் பக்கம் நிறுத்துவார். கழுத்தெலும்புக்குக் கீழே ஈரத்துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். ஒரு துண்டு வைத்ததும் காணாமல் போகும். அதுதான் அவள் நிமிடம். அரை நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் காமிராவில் துணி துணியாகத் தெரிந்துவிடும்.

நாளடைவில் நிமிடமே பெண்களுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. "நாலு நிமிஷம் எங்க போனா? ஒம்பது நிமிஷத்தை வரச்சொல்லு, கைக்குழி அளக்கணும்." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வெளியே மைக்கில் அவர்களைக் கூப்பிடும் பெயர்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அங்கே அவர்கள் 'முன்வரிசை ரெண்டு', 'அந்த நீலம்', சில நேரம் வெறுமனே 'இடுப்பு'. "இடுப்பு கொஞ்சம் இந்தப் பக்கம் வரட்டும்" என்று மைக் சொல்லும். ஒரு பெண் நகர்ந்து வருவாள்.

ஏழரை நிமிடப் பெண் வந்தது போன வருடம். இருபத்தொரு வயது. கணுக்காலில் ஒரு பழைய தையல் தழும்பு. வாய் ஓயாது. அவள் கழுத்தில் ஏழு நிமிடத் துண்டும் பொருந்தவில்லை, எட்டும் பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று சாயம் ஏற்றிக்கொண்டு வந்து வைத்ததும் சட்டென்று மறைந்தது.

"போச்சுடி. இருபது வருஷத்துல எனக்கு ஏழரை பிடிச்சதே இல்ல. இன்னைக்குப் பிடிச்சிருச்சு."

"ஏழரை வந்தா லேசுல விடாது அக்கா, பாத்துக்குங்க" என்று அவள் சிரித்தாள். ஊசியக்காவும் சிரித்தார், ஊசிகள் அசையாமல்.

உடையை உடம்பில் பொருத்தும் அரைமணி நேரத்தில் பெண்கள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வாயில் ஊசி வைத்திருப்பவர் குறுக்கே பேசமாட்டார் என்பதாலோ என்னவோ. ஏழரை நிமிடப் பெண் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அப்பா இல்லை. ஆடப் போகிறேன் என்றதும் அம்மா இரண்டு நாள் யோசித்தாராம். மூன்றாம் நாள் ஒரே ஒரு நிபந்தனை.

"'எப்படி வேணா ஆடிக்கோ. மேல துணி இருக்கணும்.' அவ்வளவுதான் அக்கா சொன்னாங்க. வேற ஒண்ணுமே கேக்கல."

ஊசியக்கா வாயிலிருந்து ஊசிகளை எடுத்தார். "இருக்கும்டி. நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் ஆட வந்த பாட்டில் அவளுக்கு நல்ல இடம். பாடகருக்கு நேர் எதிரே, தனியாக. பாட்டு அவளை ஐஸ்கிரீம் என்றது, புதுவண்டி என்றது, பூட்டுப் போடாத வீடு என்றது. பாடகருக்கு உள்ளே பனியன், அதன்மேல் சட்டை, அதற்கும் மேலே கழுத்துவரை இழுத்துவிட்ட தோல் கோட்டு. விளக்குச் சூட்டில் மனிதர் தெப்பமாக நனைந்துபோனார். அவளுக்கு ஒரு மேலாடை. முன்பக்கம் தொண்டைக்குழியிலிருந்து தொப்புள்வரை இரண்டு பட்டைகளாகப் பிளந்து கிடந்தது. முதுகுப்பக்கம் ஒரு நூல்.

"நடுவுல உங்க துணியை வைங்க அக்கா. ஆனா தெரியக் கூடாது" என்றார் டைரக்டர் தம்பி. மகன் வயதுதான் இருக்கும். மரியாதை தெரிந்த பையன். "போன தடவை வேறொருத்தர் வெச்சாங்க, கோடு கோடாத் தெரிஞ்சுது. தெரிஞ்சா வேற ஆளைத்தான் பாக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

ஊசியக்கா தப்பாக நினைக்கவில்லை. சவாலாக எடுத்துக்கொண்டார். ஏழரை நிமிடத் துணியைத் தொண்டைக்குழியிலிருந்து இடுப்புவரை முன்னும் பின்னும் முழுதாக வைத்தார். ஒற்றை இழை நூலால் ஓரத்தைச் சுருட்டித் தைத்தார். மேல் விளிம்பைக் கழுத்தணிக்குக் கீழே ஒளித்தார். அவளைத் திரும்பச் சொன்னார், குனியச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். ஒரு சுருக்கம் இல்லை. அவள் குனிந்து தன் வயிற்றைத் தானே கிள்ளிப் பார்த்து, "அக்கா, எனக்கே சந்தேகமா இருக்கு" என்றாள்.

"நல்லா தொட்டுப் பாத்துக்கோ. கழுத்து வரைக்கும் மூடியிருக்குடி, சட்டை மாதிரி."

டைரக்டர் தம்பி படம் தெரியும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து ஓடி வந்தார். "துணியே தெரியல! அக்கா, நீங்க மனுஷியா மாயாவியா?" என்று எல்லோர் முன்னாலும் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஊசியக்காவுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் இரண்டு முறை சொன்னார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். கேட்டுவிட்டு, "நீ செஞ்சது தெரியலன்னா கைதட்டறாங்க. நான் செஞ்சது தெரியலன்னா அடிக்க வராங்க" என்றார்.

படம் தெரியும் பெட்டிப் பக்கம் ஊசியக்கா போனதே இல்லை. "என் வேலை பொண்ணுக்கு முன்னால. பெட்டிக்கு முன்னால இல்ல" என்பார். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

பாட்டு வெளிவந்த இரண்டாம் வாரம், வேலை எதுவும் இல்லாத ஒரு மதியம், ஏழரை நிமிடப் பெண் உடையறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. போனை எடுத்து நீட்டினாள். கீழே ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே நீட்டினாள்.

ஊசியக்கா பார்த்தார். காமிரா கணுக்காலில் தொடங்கி மெதுவாக மேலே ஏறியது. கழுத்துக்கு வந்ததும் பாடகரின் முகத்துக்குத் தாவியது. மறுபடி முழங்காலிலிருந்து ஏறியது. மறுபடி கழுத்தோடு நின்றது. வயிறு மட்டும் தனியாக வந்தது, வேகம் குறைத்து. முதுகு தனியாக வந்தது. நான்கு நிமிடப் பாட்டில் அவள் முகம் இரண்டே முறை, அதுவும் பாடகரின் தோளுக்குப் பின்னால் மங்கலாக. அந்தத் தழும்பு இல்லாவிட்டால் இது யார் என்று ஊசியக்காவுக்கே தெரிந்திருக்காது. தொண்டைக்குழியிலிருந்து இடுப்புவரை வெற்றுடம்பு. அவர் தன் துணியைத் தேடினார். நிறுத்திப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். தன் கையால் சாயம் ஏற்றி, தன் கையால் தைத்த துணியை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சலவைப் பிரிவுல எல்லாரும் பாத்துட்டாங்க அக்கா. அம்மாகிட்டயே கொண்டுவந்து காட்டியிருக்காங்க, 'இது உன் பொண்ணு காலுதானே?'ன்னு. ஒம்பது நாளாச்சு. எங்கிட்டப் பேசல. சாப்பாடு மூடி வெச்சிருக்கும். சட்டை துவைச்சு மடிச்சிருக்கும். பேச்சு மட்டும் இல்ல." அவள் போனை வாங்கி அணைத்தாள். "துணி இருந்துச்சும்மான்னு தலையில அடிச்சுச் சொல்லிட்டேன். பொய்யும் சொல்றியான்னு பாக்கறாங்க. நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. துணி இருந்துச்சுன்னு. அது போதும்."

"வரேண்டி. இந்த ஞாயித்துக்கிழமை வரேன்."

அந்த ஞாயிறு ஊசியக்கா போகவில்லை. உடைகளைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டார். அடுத்த ஞாயிறு கணவருக்கு முதுகுவலி. அதற்கடுத்த ஞாயிறு எந்தக் காரணமும் இல்லை. காலணியை மாட்டிக்கொண்டு, கழற்றிவிட்டு, உட்கார்ந்துவிட்டார். கேட்ட ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவது பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மா வேறு ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். அந்தப் பெண் இரண்டு முறை போன் செய்தாள். பிறகு செய்யவில்லை. அந்த மௌனம்தான் கடைசியில் அவரைக் கிளப்பியது.

அசல் உடை கம்பெனிக் கிடங்கில் பூட்டிக் கிடந்தது. ஆனால் அதே வாளியில், அதே ஏழரை நிமிடத்தில் எடுத்த துணியில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. அதை ஒரு காகித உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி, கதவைத் தட்டினார்.

அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். விரல்கள் நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. முழங்கைக்கு மேலே மகளின் அதே நிறம். "வாங்க" என்றார். உட்காரச் சொன்னார். யார் என்று தெரிந்ததும் முகத்தில் எதுவும் மாறவில்லை. மகள் சமையலறை வாசலில் நின்றாள், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.

"துணி இருந்துச்சுங்க. நான்தான் வெச்சேன். கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும். உங்க பொண்ணு பொய் சொல்லல" என்று ஊசியக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உறையைப் பிரித்தார். "இதே துணி."

அந்த அம்மா துணியை வாங்கி, துணி தெரிந்தவர்கள் செய்வதுபோல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தார். "நைலான். சூடு தாங்காது" என்றார். பிறகு அதைத் தன் மேல்கையில் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். கையைத் திருப்பினார். வெளிச்சத்துக்கு நேராக நீட்டினார். சாய்த்தார். துணி இல்லை. கை மட்டும்தான் இருந்தது. இரண்டு விரலால் தோலைக் கிள்ளுவதுபோல் கிள்ளி இழுத்தார்; அப்போது மட்டும் தோலிலிருந்து தோல் பிரிவதுபோல் அது மேலே எழும்பியது. விட்டதும் மறுபடி காணாமல் போனது.

"இருக்கு" என்றார் அந்த அம்மா.

இன்னொரு முறை கிள்ளிப் பார்த்தார். பிறகு திரும்பி, கோபமே இல்லாமல், தெரியாத ஒரு விஷயத்தை விசாரிப்பதுபோல் கேட்டார்:

"இவ்வளவு நல்லா ஏங்க செஞ்சீங்க?"

இருபத்திரண்டு வருடம் வாயில் ஊசியோடு பேசிப் பழகியவர் ஊசியக்கா. அன்று வாயில் ஊசி இல்லை. இருந்தும் விரல் உதட்டோரத்துக்குப் போய் ஊசியைத் தேடியது.

அம்மா துணியைக் கழற்றினார். ஆஸ்பத்திரிப் போர்வையை மடிப்பதுபோல் முனையோடு முனை சேர்த்து நான்காக மடித்து, ஊசியக்காவின் கையில் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க. நான் நம்பிட்டேன். மத்தபடி இதைத் தூக்கிட்டு வீடு வீடாப் போய் எத்தனை பேருக்குக் கிள்ளிக் காட்ட முடியும்?" பிறகு சமையலறை வாசலைப் பார்த்து, "நின்னுக்கிட்டே இருக்கியே. அக்காவுக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

முப்பத்தோரு நாளுக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் கொண்டுவந்த டம்ளரில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மீதி வழியெல்லாம் சிந்தியிருந்தது.

அவள் அதன்பிறகு ஆட வரவில்லை. ஊசியக்கா இரண்டு முறை ஆள் அனுப்பினார். முழுக்கை வைத்த உடை, நான் பொறுப்பு என்று. 'நான் பொறுப்பு' என்ற சொல்லைச் சொல்லும்போதே அதற்கு இனி அங்கே விலை இல்லை என்று அவருக்குத் தெரிந்தேயிருந்தது. இப்போது அவள் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், கழுத்துவரை பொத்தான் போட்ட சீருடையில். ஒருநாள் ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள்: "ஏழரை விட்டுப் போச்சா அக்கா?" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. ஊசியக்கா பதில் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. அந்தச் செய்தியை அழிக்கவும் இல்லை. ஊசி எண்ணி முடித்த பிறகு, ஏப்ரனைக் கழற்றும் முன், சில நாள் அதை எடுத்துப் பார்ப்பதுண்டு.

நான்காக மடித்த அந்த ஒரு முழம் துணி அவர் ஏப்ரனின் ஆறாவது பையில் இருக்கிறது. அந்தப் பையில் வேறு எதையும் வைப்பதில்லை.

நிமிடங்களைச் சொல்லிப் பெண்களைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். "இங்க வாம்மா" என்கிறார், எல்லோரையும். பழகிய வாய் சில நேரம் தவறி "அஞ்சு..." என்று ஆரம்பித்துவிடும். உடனே ஊசியைச் சரிசெய்வதுபோல் உதட்டைத் தொட்டுக்கொள்வார்.

இன்றைக்கு வாளியில் கிடப்பது புதிதாக வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கான துணி. காலையில் ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தாயிற்று. ஆறு நிமிடம், சரியாக. அந்தப் பெண் நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேலே ஒரு துண்டு. கையில் இரண்டு பட்டைகளாகப் பிளந்த ஒரு மேலாடை. டைரக்டர் தம்பி அதே தம்பிதான். காலையிலேயே வந்து, "அன்னைக்கு மாதிரியே அக்கா, தெரியவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கடிகார முள் ஆறைத் தாண்டுகிறது. இடுக்கியில் நுனி தூக்கிய துணியிலிருந்து சாறு சொட்டுகிறது. எடுக்க வேண்டிய நேரம்.

"அக்கா, துணி ஆச்சா?" வெளியிலிருந்து மைக் கேட்கிறது.

"ஆகுது தம்பி."

ஆறரை. ஏழு. புதுப்பெண் கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டு வாளியைப் பார்க்கிறாள். "அக்கா, என்னுது ஆறுன்னு சொன்னீங்களே?"

ஏழரை. ஊசியக்காவின் கை ஒரு கணம் நிற்கிறது. பிறகு இடுக்கியைத் தரையில் வைத்துவிட்டு, மரக்கரண்டியை எடுத்து, மேலே மிதந்து வந்த துணியைச் சாற்றின் அடிவரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.